வியாழக்கிழமை மட்டும் அலறிய கணினி

இப்போதைய கணினிகள் சத்தமே போடாமல் எழுந்துகொள்கின்றன. பொத்தானைத் தொட்டால் திரை பளிச்சென்று வந்து நிற்கிறது. என் மகளுக்கு அதில் பெருமை. எனக்கு என்னவோ அது பிடிப்பதில்லை. எழுந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் வேலை பார்த்த கணினி அப்படி மரியாதை தெரியாததல்ல. சுவிட்சைப் போட்டதும் உள்ளே விசிறி உறுமும். கீபோர்டின் மூலையில் பச்சை விளக்குகள் கண் சிமிட்டும். கறுப்புத் திரையில் எண்கள் ஓடும். ஃப்ளாப்பி போடும் வாய் ஒருமுறை கரகரக்கும். கடைசியில் 'பீப்' என்று ஒரே ஒரு குட்டிச் சத்தம். அந்த ஒற்றைச் சத்தம் கேட்டால் உள்ளே எல்லாம் நலம் என்று பொருள். அதைக் கேட்ட பிறகுதான் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன்.

அந்த ஒற்றைச் சத்தத்துக்காக ஒரு மழைக்காலம் முழுக்க நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டோம்.

கடை பெங்களூர் விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு சின்னத் தெருவில் இருந்தது. ஒரு பக்கம் ஜெராக்ஸ் மெஷின், இன்னொரு பக்கம் எஸ்.டி.டி. பேசும் கண்ணாடிக் கூண்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு மேசையில் கணினி. கடைக்காரரை நான் அங்கிள் என்றுதான் கூப்பிட்டேன். ஒரு தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கடை போட்டவர். மனைவி காலமாகிவிட்டார், மகன்கள் இருவரும் வளைகுடாவில். வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் ஜெபமாலை, வாயில் எந்நேரமும் ஏலக்காய். கோபம் வந்தால் கன்னடத்துக்குத் தாவுவார். கோபம் தணிந்ததும் தமிழுக்குத் திரும்பிவிடுவார், அதனால் அவர் மனநிலையை மொழியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

எனக்குச் சொந்த ஊர் கோலார் தங்கவயல். அப்பா சுரங்கத்தில் வேலை. நான் பள்ளி முடித்ததும் தமிழ் டைப்ரைட்டிங் படித்து லோயர் பாஸ் செய்திருந்தேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. பெங்களூரில் தெரிந்திருந்தது. இங்கே தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம், தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு, கணினியில் தமிழ் அடிக்கத் தெரிந்தவர்கள் அதனினும் குறைவு. ஆகவே விடிகாலை ரயிலைப் பிடித்து, பெண்கள் பெட்டியில் பூண்டு உரிப்பவர்களுக்கும் கீரை ஆய்பவர்களுக்கும் நடுவே நின்றபடி தூங்கி, கன்டோன்மென்டில் இறங்கி, பஸ் மாறி, கடைக்கு வந்து சேர்வேன். பூ வைத்துக்கொண்டு வருவதில்லை. அந்த நெரிசலில் பூ பிழைக்காது.

சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போது ஊரில் நாளுக்கு நாள் வலுத்துக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. கடைக்கு நடந்துபோகிற தூரத்தில் ஈஜிபுராவில் ஒரு வீடு பிடித்து அம்மாவையும் அப்பாவையும் அழைத்து வந்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு முழுதும் மேசைமேல் இருந்த ஒரு பெட்டியை நம்பி நின்றது. கணினி இருந்தால் எனக்கு வேலை உண்டு. இல்லையென்றால் ஜெராக்ஸ் போட அங்கிள் ஒருவரே போதும்.

எங்கள் கடைக்கு வியாழக்கிழமைதான் பெருநாள். கோயிலில் அன்றைக்கு விசேஷம், காலையிலிருந்தே கூட்டம் வரும். வேண்டிக்கொண்டது கிடைத்தவர்கள் ஒரு துண்டு நோட்டீஸ் அடித்து அங்கே வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். அது ஒரு வழக்கம். விசா கிடைத்தது, மகன் பத்தாவது பாஸ், கோர்ட் கேஸ் ஜெயித்தது, கல்யாணமாகி வெகுகாலம் கழித்து குழந்தை. எல்லாவற்றையும் அவர்கள் நின்றபடி சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். கண்ணீரோடு சொல்வார்கள், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டே அடிப்பேன். கடைசி வரி எல்லாவற்றுக்கும் ஒன்றேதான்: 'இப்படிக்கு, ஒரு பக்தை'. பெயர் போட மாட்டார்கள்.

அப்படிப்பட்ட வியாழக்கிழமை காலையில்தான் கணினி கத்த ஆரம்பித்தது.

முதல் தடவை நான் கடைக்குள் நுழைந்தபோது அங்கிள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். திரையில், கீபோர்டில் கோளாறு, எஃப் ஒன் பொத்தானை அமுக்கு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அமுக்கினேன். அசையவில்லை.

"இன்னா அங்கிள் பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் தொடலம்மா. செவுத்துல மெயினைப் போட்டேன், அவ்ளோதான். கீங் கீங் கீங்னு ஒரே கத்தல். அப்புறம் தானா நின்னு போச்சு. இப்போ இப்டி நிக்குது."

கணினியின் சொந்த சுவிட்சை நாங்கள் அணைப்பதே இல்லை. அடிக்கடி தட்டினால் தேய்ந்துவிடும் என்பது அங்கிளின் கொள்கை. ராத்திரி கடை மூடும்போது சுவர் சுவிட்சை அணைப்பார், காலையில் நான் வருவதற்கு முன்பே அதைப் போடுவார், கணினி தானே எழுந்து எனக்காகக் காத்திருக்கும். எல்லா நாளும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. சொன்னதும் அங்கிள் அலறினார். "பேடா பேடா! முட்ட பேடா!" தொடாதே என்று கன்னடத்தில் கத்தினார் என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் சேர்ந்த புதிதில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஹார்டு டிஸ்க் செத்து, அதிலிருந்த அத்தனையும் போய்விட்டது. அன்றைக்கு சர்வீஸ் பையன்... பையன் என்ன, என்னைவிடப் பெரியவர்தான்... சர்வீஸ் இன்ஜினியர் வந்து, திரையில் எரர் வந்தால் நான் வரும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தார். அங்கிளுக்கு அது திருச்சபைக் கட்டளை.

இன்ஜினியர் மதியம் மொபெட்டில் வந்தார். கணினியை அணைத்தார், போட்டார். பீப். ஒற்றைச் சத்தம், ஒழுங்காக எழுந்துகொண்டது. "ஏனும் இல்லா, சரியா இருக்கு" என்றார். அதற்குள் காலைக் கூட்டமெல்லாம் அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டிருந்தது.

வெள்ளி, சனி, திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் சமர்த்தாக ஓடியது. அடுத்த வியாழன் மறுபடியும் கத்தல்.

இன்ஜினியர் கன்னடக்காரர், தமிழ் தாராளமாகப் பேசுவார். எதையும் ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்கிற ஆள். "அர்த்திங் சரி இல்லா அங்கிள்" என்றார். கடைக்குப் பின்னால் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, இரும்புக் குழாயை நட்டு, கம்பி இழுத்தார்கள். ஈரம் காயக் கூடாது, தினமும் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அங்கிள் காலையில் காபி குடிப்பதற்கு முன் அந்தக் குழிக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார். பக்கத்துவீட்டு அம்மா, அங்கே என்ன செடி வைத்திருக்கிறீர்கள், இன்னும் முளைக்கவே இல்லையே என்று கேட்டார்.

குழி ஈரமாக இருந்தது. வியாழக்கிழமை கணினி கத்தியது.

அடுத்த தீர்ப்பு வோல்டேஜ். வியாழக்கிழமை தெரு முழுக்க சீரியல் விளக்கு, ஒலிபெருக்கி, கரும்புச்சாறு மெஷின், எல்லாமாகச் சேர்ந்து கரண்டை உறிஞ்சுகின்றன என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஸ்டெபிலைசர் வந்தது. முள் ஆடுகிற கண்ணாடி வைத்த கனமான பெட்டி. அதன் பிறகு கத்தல் இன்னும் தெளிவாகக் கேட்டது.

பிறகு பெட்டியைத் திறந்து மெமரித் தகட்டை வெளியே எடுத்தார். அதன் ஓரத்தில் வரிசையாகப் பளபளவென்று மஞ்சள் கோடுகள். பள்ளிக்கூடத்து ரப்பரை எடுத்து அதைத் தேய்த்தார். "கோல்டு, மேடம். தூசி சேந்தா காண்டாக்ட் சிக்காது" என்றார். தங்க முலாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அப்பாவிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"அப்போ நான் அடியிலேர்ந்து தூக்கியாறேன், அவன் ரப்பர் போட்டு அழிக்கிறானா?"

அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அப்பாவின் வேலையைப் பற்றி எங்கள் வீட்டில் சிரித்தது அந்த வருஷத்தில் அதுவாகத்தான் இருக்கும்.

தங்கத்தைத் தேய்த்தும் பயனில்லை. கடைசியில் எல்லோருடைய பார்வையும் கீபோர்டின் மேல் விழுந்தது. திரை முதல் நாளிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நாங்கள்தான் காது கொடுக்கவில்லை. இன்ஜினியர் புதுக் கீபோர்டு மாட்டினார். அடுத்த வியாழன் புதிதும் கத்தியது. எரிச்சலில், பழையதையே மாட்டலாம் என்று எடுத்து மேசைமேல் கவிழ்த்துத் தட்டினார். உதிர்ந்தது பாருங்கள்: ஒரு தலைமுடி, ரொட்டித் துணுக்கு, கடுகு, மறுபடி கடுகு, ஒரு கறிவேப்பிலைக் காம்பு.

மூன்று பேரும் கடுகைப் பார்த்தோம். அப்புறம் இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள்.

"மேடம், இங்கயே ஊட்டா பண்றீங்களா?"

பண்ணுவேன்தான். எலுமிச்சஞ்சாத டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் சாப்பிட்டு மறு கையால் பிழை திருத்துவேன். கடுகு சாட்சி சொல்லிவிட்டது. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "நான் வாரம் முழுக்கத்தான் துன்றேன், வியாழக்கிழமை மட்டும் ஏன் அதுக்குச் செரிக்க மாட்டேங்குது?" என்று கேட்டேன்.

அங்கிள் அன்றைக்குக் கோபப்படவில்லை. கன்னடத்துக்கும் போகவில்லை. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. இன்ஜினியர் போனதும் ஜெராக்ஸ் மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"எனக்கு முடியலம்மா. வாராவாரம் ஜனங்க வந்து திரும்பிப் போறாங்க. அத்திபெலேயில சிமெண்ட் கடை வெச்சிருக்கவரு ஒருத்தரு பில்லு போட மெஷின் கேக்குறாரு. வர்ற வியாழக்கிழமை சாயங்காலம் பாக்க வர்றேன்னாரு. அன்னைக்கும் இப்டி கத்துச்சுன்னா அவருக்கே வித்துத் தள்ளிட்டு நிம்மதியா ஜெராக்ஸ் போட்டுட்டு இருந்துடறேன். நீ வேற எடம்..."

முடிக்கவில்லை. வெளியே போய் ஏலக்காய் வாங்கிக்கொண்டு வந்தார்.

அவர் போனபோது மேசையைத் துடைத்தேன். கடுகோடு சேர்த்து இன்னொன்றும் உதிர்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். காய்ந்து கறுத்துச் சுருண்ட பூவிதழ்கள். எடுத்து முகர்ந்தேன். ரோஜா. கடுகு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ரோஜா யாருடையது? நான்தான் பூவே வைப்பதில்லையே.

அதைப் பற்றி ரயிலில் யோசித்தேன், வீட்டில் யோசித்தேன். காலையில் கணினி எழும்போது நான் ஒருநாளும் பக்கத்தில் இருந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் பார்ப்பதெல்லாம் கத்தி முடித்த பிறகு நிற்கிற திரையை. இன்ஜினியர் பார்ப்பது அதற்கும் பிறகு. கத்தும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தவர் அங்கிள் மட்டும்தான், அவர் எதையும் தொடவில்லை என்கிறார்.

ரயில் சிநேகிதி ஒருத்தி ஈஜிபுராவில் ஒற்றை அறை பிடித்து வந்து சேர்ந்திருந்தாள். புதன்கிழமை வேலை முடிந்ததும் ஊருக்குப் போகாமல் அவள் வீட்டில் தங்கினேன். வியாழன் காலையில் அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு நடந்தே விவேக் நகர் வந்தேன். தூறல். மெழுகுவத்திக் கடைக்காரர்கள் தார்ப்பாயைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காலைப் பூசை முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் கடை ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. குனிந்து பார்த்தேன்.

அங்கிள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேசை முன்னால் நின்றார். கோயிலிலிருந்து நேராக வந்திருக்கிறார். கையில் ஒரு ரோஜா மாலை, ஒரு கட்டு மெழுகுவத்தி, ஒரு பாட்டிலில் தீர்த்தம். எல்லாவற்றையும் பக்தியோடு, ஒவ்வொன்றாக, கீபோர்டின்மேல் வைத்தார். மாலை, அதன்மேல் மெழுகுவத்தி, அதன்மேல் பாட்டில். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். கையை நீட்டிச் சுவர் சுவிட்சைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பத்துப் பொத்தானை ஒரே நேரத்தில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்திரு என்றால் எந்தக் கணினிதான் எழுந்திருக்கும்? ஊரில் மற்றவர்களெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை ஆயுத பூசை போடுகிறார்கள், எங்கள் அங்கிள் வாரத்துக்கு ஒருமுறை போட்டிருக்கிறார். அர்த்திங்காம், வோல்டேஜாம், கடுகாம்! என் கடுகின்மேல் விழுந்த பழியை எண்ணிக்கொண்டு, உள்ளே பாய்ந்து கத்தத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்.

"கொழந்தை ஏசுவே, இன்னைக்காவது இந்த மெஷின் ஒழுங்கா ஓடணும். எனக்காக இல்ல. நான் ஜெராக்ஸ் போட்டுப் பொழைச்சிப்பேன். அந்தத் தங்கவயல் புள்ள இருக்குதே, இருட்டோட எழுந்து ரயில்ல நசுங்கி வருது. மெஷின் ஓடினாத்தான் அதுக்கு வேலை..."

கீங் கீங் கீங் என்று கணினி அலற ஆரம்பித்தது. அங்கிளின் தோள்கள் ஒருமுறை குலுங்கின. ஆனால் ஜெபத்தைப் பாதியில் விடக் கூடாதல்லவா? கண்ணைத் திறக்காமல், அந்தச் சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்திக்கொண்டார்.

"ரயிலு லேட்டாவக் கூடாது. கூட்டத்துல அது கீழ விழுந்துடக் கூடாது. அதோட அப்பாரு சொரங்கத்துல எறங்கறாரு, அவரு மேல கல்லு மண்ணு சரியாம பாத்துக்கோ. ரெண்டு பேரும் பத்தரமா வூடு போய்ச் சேரணும். ஆமென்."

திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். தூறலில் நின்றுகொண்டு அழுதேன். எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது புத்தர் படம். எனக்காக ஒரு மனிதர் வாராவாரம் இன்னொரு சாமியிடம் போய் என் ரயில் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அப்பா சுரங்கத்தில் இறங்குவதைப் பற்றி நான் அவரிடம் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னதுதான். அவர் அதை ஒரு வாரம்கூட மறக்காமல் வைத்திருந்திருக்கிறார்.

அவர் கண்ணைத் திறந்து பாட்டிலையும் மெழுகுவத்தியையும் மாலையையும் எடுத்தார். அலறல் நின்றது. திரையில் அதே வரி. சுவரில் இருந்த குழந்தை இயேசு படத்துக்கு மாலை போடத் திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"பாத்தியாம்மா, இன்னைக்கும். நான் ஒண்ணும் தொடல."

பொய் இல்லை. அவரைப் பொறுத்தவரை அது தொடுவதில் சேராது.

சொல்லியே ஆக வேண்டும். சாயங்காலம் அத்திபெலேக்காரர் வந்துவிடுவார். ஆனால் எப்படிச் சொல்வது? அங்கிள், உங்கள் மாலைதான் மெஷினைக் கெடுக்கிறது என்றா? எனக்காகச் செய்த ஜெபம்தான் என் வேலையைத் தின்றுகொண்டிருந்தது என்றா? அதுவும் நான், வேற்றுச் சாமி வீட்டுப் பெண், அவரிடம்? அதைக் கேட்டுவிட்டு அந்த மனிதர் எந்த முகத்தோடு அடுத்த வியாழன் கோயிலுக்குப் போவார்? நீளமான என் வாய் அன்றைக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.

பிறகு, யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல முடியாது, தானாக வந்தது.

"அங்கிள், இன்னொரு வாட்டி மொதல்லேர்ந்து பண்ணலாம். ஆனா இந்த வாட்டி மாலையையும் மெழுகுவத்தியையும் எங்கிட்ட குடுங்க. நான் கையில வெச்சிக்கறேன்."

"அணைச்சுப் போடறதா? ஹார்டு டிஸ்க்கு..."

"சாயங்காலம் விக்கத்தானே போறீங்க? குடுங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் மாலையை என் இரண்டு கையிலும் வைத்தார், அதன்மேல் மெழுகுவத்திக் கட்டு, அதன்மேல் தீர்த்த பாட்டில். மாலை ஈரமாக, கனமாக இருந்தது. அவர் சுவர் சுவிட்சை அணைத்து, கொஞ்சம் பொறுத்து, சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி போட்டார். கண்ணை மூடினார். நான் மூடவில்லை. விசிறி உறுமியது. பச்சை விளக்குகள் கண் சிமிட்டின. எண்கள் ஓடின. ஃப்ளாப்பி கரகரத்தது.

பீப்.

அங்கிள் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உன் கையில குடுத்திருக்கணும்மா" என்றார். "இத்தினி நாளும் உன் கையில குடுத்திருக்கணும்."

சாயங்காலம் வந்த அத்திபெலேக்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, மெஷின் விற்பனைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினார். அந்த ஆள் போகிற போக்கில், இதைச் சொல்லவா அத்திபெலேயிலிருந்து வரவைத்தீர்கள் என்று முனகினார். அங்கிள் இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தார்.

இன்ஜினியருக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் கடை வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அங்கிளுக்குச் சொல்லலியா?" என்றார். நீங்களே சொல்லுங்களேன் என்றேன். சட்டென்று சிரிப்பை நிறுத்தி, "அய்யய்யோ, நான் மாட்டேன் மேடம்" என்று மொபெட்டை உதைத்துக் கிளப்பினார். அர்த்திங் குழிக்கு அங்கிள் கடையை ஒரேயடியாக மூடும் வரைக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார். அதைத் தடுக்கவும் எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆனால் புதிதாக ஒரு சிக்கல் முளைத்தது. வியாழக்கிழமைகளில் நான் வந்து மாலையைக் கையில் வாங்காமல் அங்கிள் சுவிட்சைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். நான் தங்கவயலிலிருந்து வந்து சேர்வதற்குள் பூசை முடிந்தவர்கள் கடை முன்னால் வரிசை கட்டி நிற்பார்கள், மாலையும் கையுமாக அங்கிள் வாசலில் நிற்பார். இது சரிப்படாது என்று அவரே முடிவு செய்தார். பூசைக்கு வருகிறவர்களிடமெல்லாம் வீடு விசாரித்தார். ஈஜிபுராவில் சந்துக்குள் சந்தாக ஒரு வீடு, குழாய் வெளியே, ஆனால் வெயில் வரும் என்று ஒருநாள் வந்து சொன்னார். வீட்டுக்காரரிடம் எனக்காகப் பேசியும் முடித்திருந்தார். சுரங்கம் மூடுவதற்கு முன்பே அம்மாவும் அப்பாவும் அந்த வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அப்பாமேல் கல்லும் சரியவில்லை, மண்ணும் சரியவில்லை.

வீடு வந்த வாரத்தில் அங்கிள் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "ஒரு நோட்டீஸ் அடிக்கணும். எழுது" என்றார்.

"யாருக்கு அங்கிள்?"

"எனக்குத்தான். கேட்டது கெடைச்சா சொல்லணும்ல?"

அவர் சொன்னார், நான் அடித்தேன். வியாழக்கிழமைகளில் பழுதாகி வந்த கணினி சரியானதற்கும், ரயிலில் வந்த பிள்ளையின் வேலை நிலைத்ததற்கும், அந்தப் பிள்ளைக்கு வீடு கிடைத்து, அதன் தகப்பனார் பத்திரமாக மேலே ஏறி வந்ததற்கும், குழந்தை இயேசுவுக்குக் கோடானுகோடி நன்றி. இப்படிக்கு, ஒரு பக்தன்.

நான் கடைசி வரியை அழித்துவிட்டு மறுபடி அடித்தேன்: 'இப்படிக்கு, ஒரு பக்தனும் ஒரு பிள்ளையும்'. எனக்கு அந்தச் சாமியிடம் பக்தி இருந்ததா என்றால், தெரியாது. அங்கிளிடம் இருந்தது.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து படித்து வந்தார். கடைசி வரியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அதை எடுத்துக்கொண்டு போய் ஜெராக்ஸ் மெஷினில் வைத்து, மூடியை அழுத்திப் பிடித்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கடை இப்போது இல்லை. அங்கிளும் இல்லை. நான் ஈஜிபுராவிலேயே, அதே வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி, வீட்டில் உட்கார்ந்து புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிறேன். சத்தமே போடாத கணினிதான். காலையில் பொத்தானை அமுக்கும் முன் கீபோர்டை ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். என்னம்மா தேடுகிறாய், அங்கே என்ன இருக்கப் போகிறது என்று மகள் கேலி செய்வாள். ஒன்றும் இருக்காதுதான். ஆனால் வியாழக்கிழமைகளில் மட்டும், ஒரே ஒருமுறை அங்கே ஈரமாக ஏதாவது கையில் தட்டுப்படாதா என்று இருக்கும்.